மறுபடியும் மலேசியாவா? குடும்பத்தோடு ஒரே நாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

எங்கள் பக்கம் நோம்பிக்குச் சொந்தபந்தம் கூடினால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுவிடுவார்: "ஏனுங்க, இந்த வருசமும் மலேசியாதானுங்களா? வேறு நாடே இல்லீங்களா?" இருக்கின்றன. தாய்லாந்து இருக்கிறது, வியட்நாம் இருக்கிறது, கடன் வாங்கத் துணிந்தால் சுவிட்சர்லாந்துகூட இருக்கிறது. ஆனாலும் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் மஞ்சளும் வைக்கும் எங்கள் குடும்பம், கையில் காசும் நாளும் கூடி வரும்போதெல்லாம் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குத்தான் போகிறது.

காரணம் என் சுயநலம். புது நாட்டுக்குக் குடும்பத்தோடு போனால் வீட்டை நடத்துகிறவளுக்கு விடுமுறையே கிடையாது. பாஸ்போர்ட் பை யாரிடம், மாத்திரை எங்கே, எந்த நடைமேடை, இதில் முட்டை சேர்த்திருக்கிறார்களா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று எல்லாக் கேள்வியும் ஒருத்தியிடமே வந்து நிற்கும். அதே ஊருக்கு மறுபடி போகும்போது மகனுக்கு ரயில் தெரியும், மகளுக்குக் கடைத்தெரு தெரியும், அத்தைக்குக் கோயில் தெரியும், வீட்டுக்காரருக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான் தெரியும். நான் ஒரு காபியை ஆறுவதற்கு முன் குடித்து முடிப்பேன். ஆகவே இங்கே சொல்லப்போவது இடங்களின் பட்டியலைவிட, வேலையை எப்படிக் கைமாற்றி விடுவது என்பதைத்தான் அதிகம்.

எந்த நாடு

படங்களைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டிலேயே மூத்தவர் அங்கே மூன்று நாள் தொடர்ந்து முகம் சுளிக்காமல் சாப்பிடுவாரா? வளர்ந்த பிள்ளையைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்ப முடியுமா? விமானம் மாறாமல் போய்ச் சேரலாமா? விசாவுக்கு எத்தனை தாள் நிரப்ப வேண்டும்? இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் அந்த நாட்டுக்கு ஐந்தாறு முறை போகலாம். மற்ற நாடுகளுக்கு ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

சிங்கப்பூருக்குக் கோவையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, ஊரும் துடைத்து வைத்தது போல இருக்கும். ஆனால் ஐந்து பேருக்கு அங்கே அறை எடுக்கும் காசில் பினாங்கில் இரு மடங்கு நாள் தங்கிவிடலாம். சார்ஜாவுக்கும் கோவையிலிருந்து போகலாம். ஆனால் எங்களுக்கு ஓய்வு கிடைக்கும் சித்திரையில் அங்கே காயும் வெயிலுக்கு, கோபி வெயிலையே தாங்கிக்கொள்ளலாம். இலங்கை எனக்குப் பிடித்த ஊர்தான், ஆனால் என் பிள்ளைகள் ஓட்டுப் போட்டது மலேசியாவுக்கு.

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு தந்திருக்கிறது. அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அப்போதைய நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா இல்லை என்றாலும் வருகை அட்டை உண்டு. போய் இறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. எங்கள் வீட்டில் இது மகளின் வேலை. அவளுக்கு எல்லோருடைய பாஸ்போர்ட் எண்ணும் மனப்பாடம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பெரியவர்களுடையது பத்து வருடம் ஓடும். சிறு பிள்ளைகளுடையது ஐந்தே வருடம். திரும்பத் திரும்பப் போகிற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். போன முறை செல்லுபடியானது இந்த முறையும் செல்லும் என்று நினைத்துவிடுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே பீரோவைத் திறந்து எல்லோருடைய முடிவுத் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

எப்போது

நான்கு நாட்காட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது தோட்டம். வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சளைத் தையில் தொடங்கி வெட்டுவோம். வேக வைத்து, காய வைத்து, மெருகேற்றி, ஏலத்துக்குக் கொண்டுபோய் முடிக்கப் பங்குனி ஆகிவிடும். அதுவரை பினாங்கு என்று வாயைத் திறந்தால் வீட்டில் சண்டைதான். இரண்டாவது நோம்பி. பாரியூர் குண்டம் மார்கழியில், பண்ணாரி குண்டம் பங்குனியில், நடுவில் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கல். சாமி சாட்டிவிட்டால் வெளியூர் போக முடியாது, வெளிநாட்டை நினைத்தே பார்க்க முடியாது. மூன்றாவது பள்ளிக்கூடம். எல்லாம் கழித்துப் பார்த்தால் சித்திரையில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் மிஞ்சுகிறது.

காலாண்டு விடுமுறையை எங்கள் ஆட்கள் பலர் குறி வைப்பார்கள். அது பெரும்பாலும் புரட்டாசியில் வரும். புரட்டாசியில் கவுச்சி தொடாத குடும்பம், சோற்றில் கறிக்குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வாசலில் நின்று என்ன செய்யும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போக வேண்டியதுதான்.

நான்காவது நாட்காட்டி அங்கே இருக்கிறது. மலேசியாவில் நம்முடையது போலக் கோடை, குளிர் என்ற பிரிவு இல்லை. எந்தக் கரையில் எப்போது மழை என்பதே கணக்கு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அடித்துக் கொட்டும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் பினாங்கும் லங்காவியும் இருக்கும் வடமேற்குப் பக்கம் ஓரளவு வறண்டிருக்கும். நாங்கள் போகும் ஏப்ரலில் மேற்குப் பக்கம் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடி இடித்து ஒரு மழை வரும். அதனால் வெளியே போகிற வேலையெல்லாம் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். மழை நேரத்தில் எல்லோரும் தூங்குவார்கள். ஊரில் பகல் தூக்கத்துக்கு யார் விடுகிறார்கள்?

நோன்புப் பெருநாள் நாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னால் நகரும். அந்த வாரம் மலேசியாவே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயில் டிக்கெட் கிடைக்காது. சீனப் புத்தாண்டில் பினாங்கிலும் ஈப்போவிலும் பாதிக் கடைகள் மூடியிருக்கும். தைப்பூசத்துக்குப் போவதாக இருந்தால் கூட்டத்துக்காகவே போகிறோம் என்ற முடிவோடு போங்கள். அத்தைக்கு ஒருமுறை பார்க்க ஆசை. மஞ்சள் வெட்டு நடக்கும் நேரம் என்பதால் இன்னும் கைகூடவில்லை.

வீட்டை யார் பார்ப்பது

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எவரும் மாட்டைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் பயணமே மாட்டில்தான் நின்றுபோகிறது. இரண்டு எருமையும் ஒரு மாடும் வைத்துக்கொண்டு பத்து நாள் எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பங்காளி வீட்டோடு முறை மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் சித்திரையில் போகிறோம், எதிர்த் தோட்டத்துப் பெரியப்பா வீட்டார் ஐப்பசியில் சபரிமலைக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறார்கள். அவர்கள் கறக்கும் நாளில் பால் அவர்கள் கணக்கிலேயே சொசைட்டிக்குப் போகட்டும். பால் காசைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்டால் அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் ஊரில் இருக்கும்போதே அவர்கள் கறக்கட்டும். எருமைக்குக் கை மாறினால் பால் இறங்காது.

தண்ணீர் பாய்ச்சுவது இப்போது எளிது. கைப்பேசியில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் எங்கள் பக்கத்தில் பாதிக் கிணற்றில் இருக்கிறது. வீட்டுக்காரர் பினாங்குக் கடற்கரையில் உட்கார்ந்தபடி கோபியில் மோட்டாரைப் போடுவார், அணைப்பார். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை அதற்கேற்ப மாற்றி எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வார். வங்கிக் கடவு எண் வருவதற்கும் நம் ஊர்ச் சிம் உயிரோடு இருக்க வேண்டும். புறப்படும் முன் ரோமிங் வசதியைப் போட்டுவிடுங்கள். பேசுவதற்கும் இணையத்துக்கும் அங்கே விமான நிலையத்திலேயே சிம் கிடைக்கும்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான தாலிக்கொடியும் வளையலும் போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது கேள்வி எழாது. அங்கே தங்கம் வாங்கிவரலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான்.

போகிற வழி

கோபியிலிருந்து மலேசியாவுக்குத் திருச்சிதான் வாசல். ஈரோடு, கரூர் வழியாகக் காரில் போய்விடலாம். புதிய முனையம் 2024இல் திறந்த பிறகு வரிசையில் நிற்கும் நேரமும் குறைந்திருக்கிறது. கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கோவையிலிருந்துதான் ஏறுவேன் என்றால் சிங்கப்பூர் போய் மாற வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் கசகசாவை வீட்டில் வைத்துவிடுங்கள், சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. ஈரோட்டில் இரவு ரயில் ஏறிச் சென்னை போகச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு அது வசதி. எங்கள் அத்தை சென்னை என்றாலே வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்.

திருச்சி விமானங்களில் பல இரவில் கிளம்பி விடிகாலையில் இறக்கிவிடும். விடுதி அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். வயதானவர் இருந்தால் அன்றே பினாங்குக்கு ஓடாதீர்கள். கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. இட்லி, பூக்கடை, வெற்றிலை பாக்கு எல்லாம் கிடைக்கும் தமிழர் பகுதி. அங்கே ஓர் இரவு தங்கிவிடுங்கள், முடிந்தால் இறங்குவதற்கு முந்தின இரவுக்கும் சேர்த்துக் காசு கட்டி அறையைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் ஏறக்குறைய அரை மணியில் சென்ட்ரலுக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் தலைக்குக் கட்டணம். ஐந்து பேருக்கு, கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் ஆறு இருக்கை கிராப் வாடகை வண்டி அதைவிட மலிவு.

மறுநாள் மின்சார ரயில். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தே படகுத் துறைக்குப் போகலாம். கால் மணி நேரப் படகில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். பாலத்தில் காரில் போனால் பெட்டி தூக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்வார், பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். படகு ஏறினால்தான் அவர்களுக்குப் பினாங்கு. ரயில் டிக்கெட் முழுவதும் மகன் பொறுப்பு. பாஸ்போர்ட் விவரத்தோடு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால் மார்ச்சிலேயே தொடங்கிவிடுவான்.

ஒரே வீடு

ஊர் ஊராகப் பெட்டி கட்டுவதுதான் குடும்பப் பயணத்தின் சனி. ஓர் ஊரைப் பிடித்து, ஒரே வீட்டை எடுத்து, அங்கிருந்து போய்ப் போய் வாருங்கள். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம். இயந்திரம் இருந்தால் ஆளுக்கு நான்கு உடுப்பு போதும். மலிவு விமானங்களில் கைப்பெட்டிக்கு ஏழு கிலோதான், மற்ற சுமைக்குத் தனிக் காசு. சில அடுக்ககங்களில் குறுகிய காலத்துக்கு வீடு விட அனுமதி இல்லை. பணம் கட்டுவதற்கு முன், கட்டட நிர்வாகத்தின் சம்மதம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதி என்றால் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், முன்பதிவு விலையில் அது பெரும்பாலும் சேராது.

அதே வீட்டுக்குத் திரும்பிப் போனால் கிடைக்கும் லாபம் வாடகைக் குறைப்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மா சீனர். அவருடைய கிடங்கு அறையில் எங்கள் பை ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. அதில் மூன்று லிட்டர் குக்கர், நான்கு குடை, ஒரு தோசைக்கரண்டி, மலேசிய மின்துளைக்குப் பொருந்தும் மாற்றிகள் இரண்டு. நம் ஊர் உருண்டைக் கால் செருகி அங்கே நுழையாது, பட்டைக் கால் மூன்று வேண்டும். குக்கர் முதல்முறை கூவியபோது எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இப்போது விசில் கேட்டால் நாங்கள் வந்துவிட்டோம் என்று அந்தத் தளத்துக்கே தெரியும்.

அந்த அம்மாவுக்கு எங்கள் தோட்டத்து மஞ்சள் தூளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவோம். கிழங்காகக் கொண்டுபோகாதீர்கள். பச்சைச் செடி, கிழங்கு, பழம் எல்லாவற்றுக்கும் அங்கே தாவரத் தடுப்புச் சோதனை உண்டு.

வாயும் வயிறும்

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை உணவு வீட்டில், மதியம் வெளியே, இரவு அவரவர் விருப்பம். இது எங்கள் சட்டம். காலைக்கு ரொட்டியும் பழமும், அல்லது அத்தை கிண்டும் உப்புமா. அத்தைக்கு அடுப்படியில் ஒரு வேளையாவது அதிகாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த நாடும் அவருக்குச் சத்திரம்தான். இரவில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அரிசிம்பருப்புச் சாதம். துவரம்பருப்பும் அரிசியும் அங்கேயே கிடைக்கும், வரமிளகாயும் சீரகமும் கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம். கொள்ளுப் பொடியும் நாட்டுச் சர்க்கரையும் மட்டும் கொண்டுபோகிறோம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே காய்கறியைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கீரை வதக்கலிலும் சம்பலிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் பரோட்டா போன்ற ரோட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு என்று கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். ரோட்டி தெலூர் என்றால் முட்டை. ஆயாம் கோழி, ஈக்கான் மீன், ஊடாங் இறால், கம்பிங் ஆடு. டாகிங் என்று பலகையில் எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. அது வேண்டாதவர்கள் இந்த ஒரு சொல்லையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். சுத்த சைவம் வேண்டும் என்றால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பௌத்த சைவ உணவகங்களும் இருக்கின்றன. அங்கே சோயாவில் செய்த மீனும் கோழியும் அச்சு அசலாக இருக்கும். அத்தை அதைத் தொடவே மறுத்துவிட்டார், தோற்றமே பிடிக்கவில்லை என்று.

தே தாரிக் கேட்கும்போது 'கூராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாதது. கெட்டிப் பாலில் ஆற்றும் அந்தத் தேநீரைச் சாதாரணமாகக் குடித்தால் மதியச் சாப்பாட்டை அப்போதே சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்குப் பினாங்கு சொர்க்கம், அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். தனித்தனியாக வாங்கிப் பிசைகிறவர்களைப் பார்த்தால் அங்கே பரிமாறுகிறவரே வருத்தப்படுவார்.

பழையது மூன்று, புதியது ஒன்று

நாட்களைப் பங்கு போடும் முறை இது. ஒவ்வொரு பயணத்திலும் முன்பு பார்த்துப் பிடித்துப்போன மூன்று இடங்கள் கட்டாயம், யாரும் பார்க்காத புது இடம் ஒன்று. அதற்கு மேல் புது இடம் சேர்த்தால் நான் மறுபடி வழிகாட்டி ஆகிவிடுவேன். பழைய மூன்றையும் மாற்றச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. புது இடத்தை முறை வைத்து ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தவரே அன்றைக்கு வண்டி, சாப்பாடு, நேரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

எங்கள் பழைய மூன்றில் முதலாவது பத்து மலை. போகும் வழியில் கோலாலம்பூரிலேயே முடித்துவிடுவோம், உள்ளூர் ரயிலே மலையடிவாரம் வரை போகிறது. 272 படிகள், 2018இல் வண்ணம் அடித்தார்கள். சென்னிமலையின் 1,320 படிகளை ஏறிப் பழகிய அத்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது முட்டி வலி வந்துவிட்டதால் கீழேயே முருகன் சிலைக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். அந்தச் சிலை 140 அடி, 2006 ஜனவரியில் திறந்தது. அதை வடித்த திருவாரூர்ச் சிற்பியே சேலம் மாவட்டம் முத்துமலையில் 146 அடியில் இன்னொன்று வடித்து, அதற்கு 2022இல் குடமுழுக்கு நடந்தது. அத்தை பத்து மலையில் அருகே வந்து உட்காருகிற எல்லோரிடமும் அந்த ஆறு அடி வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. காலை எட்டு மணிக்குள் போங்கள். முழங்கால் மறைய உடுத்துங்கள். குரங்குக்கு முன்னால் பையைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது பினாங்கு மலை. 1923இல் தொடங்கிய இழுவை ரயில், பெட்டிகளைப் பிற்பாடு புதிதாக்கியிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு உட்கார்ந்தபடியே குளிர் கிடைக்கிறது. மூன்றாவது ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும். கோயில் 1833இல் எழுந்தது. நகரம் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. சுவரோவியங்களுக்கு முன் வரிசையில் நின்று படம் எடுப்பது பிள்ளைகளுக்கு இப்போது சலித்துவிட்டது, நல்லது. தெருவை இப்போதுதான் பார்க்கிறார்கள். தமிழ்ப் பள்ளிப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு மகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல நானே படிக்க வேண்டியிருந்தது. அங்கே தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கியிருக்கிறது. இன்றைக்கு மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன.

புது இடங்களில் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் லங்காவி சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரைச் சொன்னார். அங்கே நெல் அருங்காட்சியகம் இருக்கிறது, ரயிலிலிருந்து இரு பக்கமும் வயல். முடா பாசனத் திட்டத்தில் முடா, பெடு என்று இரண்டு அணைகள் கட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேரில் இரு போகம் எடுக்கிறார்கள். பவானிசாகர் அணைக்கும் அதற்கும் ஒப்பிட்டு அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மடைக்கு அருகே நின்று அந்த ஊர் விவசாயியோடு அரை மணி நேரம் சைகையிலேயே பேசினார். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு இளநீர் வாங்கிக்கொடுத்தோம்.

அவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி சந்தையில். மலாய்க்காரர்கள் ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறி சமைக்க மஞ்சள் இலையைக் கட்டுக் கட்டாக வாங்குகிறார்கள். நாங்கள் அறுவடைக்கு முன் அறுத்து வயலிலேயே போட்டுவிடும் இலை. அந்தக் கட்டின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் அவர் சரியாகப் பேசவில்லை.

மகனின் தேர்வு ஈப்போவும் அதையடுத்து பத்து காஜா பக்கத்தில் கெல்லி கோட்டையும். ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்ட முதலாளி ஒருவர் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் பாதியிலேயே நின்ற மாளிகை. அதைக் கட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள், பக்கத்திலேயே அவர்களுக்காக ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் அந்தப் பக்கம்தான்.

கேமரன் மலைக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வால்பாறையும் நீலகிரியும் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. வளைவுப் பாதையில் வாந்தி எடுப்பதை ஆழியாறிலிருந்து ஏறும்போதே எடுத்துக்கொள்ளலாம். பாசி படர்ந்த காட்டுக்காக மட்டும் போகிறோம் என்றால் சரி.

காசு

எங்கள் பயணத்துக்கு முதல் மூலதனம் மாதச் சீட்டு. மஞ்சள் விலையை நம்பித் திட்டம் போட்டால் எந்த வருடமும் கிளம்ப முடியாது. விலை வந்த வருடம் வண்டி வாங்கத் தோன்றும், விலை போன வருடம் எதுவுமே தோன்றாது. அதனால் தனியாக ஒரு சீட்டு, அதற்குப் பெயரே பினாங்குச் சீட்டு. தள்ளி எடுத்த பணத்தில் முதலில் விமான டிக்கெட். மிச்சத்தை அங்கே தங்கும் நாட்களால் வகுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உறையில் போட்டு, அன்றைய பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுவேன். மிச்சம் பிடித்தால் அவர்களுக்கே. மகள் பொறுப்பில் இருக்கும் நாளில் நாங்கள் நிறைய நடக்கிறோம்.

டச் அன்ட் கோ என்ற பயண அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் உள்ளூர் ரயில், பஸ் இரண்டுக்கும் உதவும், மிச்சப் பணம் அடுத்த பயணத்துக்கு நிற்கும். மீதமான ரிங்கிட்டை மாற்றிவிடாமல் ஒரு சுருக்குப் பையில் வைத்துவிடுங்கள். இறங்கிய முதல் மணி நேரத்துக்குத் தண்ணீரும் தேநீரும் வாங்கக் கையில் காசு இருக்கும். வாங்கிவரும் பொருட்களில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: பனியன் துணி எதுவும் வாங்காதீர்கள். கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் தைத்தது என்று இருக்கும். திருப்பூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாம் அதைச் சுமந்து வர வேண்டுமா?

பிள்ளைகள் வளர்ந்த பிறகு

பத்தாம் வகுப்பைத் தாண்டிய பையனுக்கு அம்மா அப்பாவோடு கோயில் வாசலில் நிற்கப் பிடிக்காது. அதற்காக நாட்டை மாற்றாதீர்கள், அவனுக்குத் தரும் கயிற்றை நீளமாக்குங்கள். எங்கள் மகன் இப்போது பினாங்கில் ஒரு முழு நாள் தனியாகப் பஸ்ஸில் சுற்றுகிறான். மாலை ஆறு மணிக்குக் கொம்தார் கோபுரத்தடியில் வந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புது நாட்டில் இதற்கு நான் சம்மதித்திருக்கவே மாட்டேன். அத்தைக்கும் அப்படித்தான். முட்டி வலி அதிகமான பிறகு அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, தமிழ் நாளிதழை வாங்கி வரச் சொல்லி முதல் பக்கம் முதல் மரண அறிவிப்பு வரை படிக்கிறார். அறிவிப்புகளில் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்ப் பெயர் வந்தால் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்.

திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நோட்டை எடுங்கள். எந்தக் கடை மூடிவிட்டது, எந்த விடுதியில் மின்தூக்கி ஓடவில்லை, உரிமையாளர் அம்மாவின் கிடங்கில் எத்தனை குடை மிச்சம், அட்டையில் எவ்வளவு பாக்கி, அடுத்த முறை புது இடம் தேர்ந்தெடுப்பது யார் முறை, யாருடைய பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் மஞ்சள் விதை பொறுக்கும் வேலை வந்துவிடும், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அடுத்தது அத்தையின் முறை. அவர் இன்னும் இடத்தைச் சொல்லவில்லை, சீட்டுக்கு இந்த மாதத் தவணை மட்டும் கட்டியாகிவிட்டது.